‘சன்ரைஸ்’ (1927): படம் முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பழைய படம் பார்க்கிற ஆள் என்று தெரிந்தால் போதும், "ஊமைப் படத்தில் ஒன்றே ஒன்று சொல்லு, பார்க்கிறேன்" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நான் சொல்வது எப்போதும் ‘சன்ரைஸ்’தான். பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வருகிறது. படத்தை முதலில் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யார் எடுத்த படம்? எந்த ஊர்ப் படம்?

எடுத்தவர் எஃப். டபிள்யூ. முர்னாவ். ஜெர்மனிக்காரர். ஜெர்மனியில் பெயர் வாங்கிய பிறகு ஃபாக்ஸ் படக் கம்பெனியின் முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்து, காசும் சுதந்திரமும் கொடுத்து எடுக்கச் சொன்ன முதல் அமெரிக்கப் படம் இது. மூலக்கதை ஹெர்மன் சுடெர்மன் எழுதியது, திரைக்கதை கார்ல் மேயர். சுடெர்மன் ஜெர்மானியர், மேயர் ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மன் சினிமாவில் எழுதியவர். ஆக, பணம் அமெரிக்காவுடையது, மூளை ஜெர்மனியுடையது. மனைவியாக ஜேனட் கேய்னர், கணவனாக ஜார்ஜ் ஓ'பிரையன், பட்டணத்துக்காரியாக மார்கரெட் லிவிங்ஸ்டன். 1927 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் முதல் காட்சி. ஓடும் நேரம் சுமார் ஒன்றரை மணி.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஏரிக்கரைக் கிராமம். கோடை விடுமுறைக்கு வந்த பட்டணத்துக்காரி ஒருத்தி ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டாள். காரணம், கல்யாணமாகிக் கைக்குழந்தையும் உள்ள ஒரு விவசாயி. அவளுக்காக அவன் கடன் வாங்குகிறான், மாடு கைவிட்டுப் போகிறது. "நிலத்தை விற்றுவிட்டு என்னோடு பட்டணத்துக்கு வா" என்கிறாள். "என் மனைவி?" என்கிறான். "அவள் தண்ணீரில் மூழ்கிவிடக் கூடாதா?" என்கிறாள். மறுநாள் அவன் மனைவியைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறான். நடு ஏரியில் எழுந்து நிற்கிறான், ஆனால் கை வரவில்லை. கரையைத் தொட்டதும் அவள் இறங்கி ஓடுகிறாள், எதிரே வந்த டிராமில் ஏறுகிறாள். அவனும் பின்னாலேயே ஏறுகிறான். டிராம் போய் நிற்பது பட்டணத்தில். அன்று பகல் முழுக்க அங்கே இருவரும் பழையபடி ஒன்று சேர்கிறார்கள். இரவு படகில் திரும்பும்போது புயல். அவள் ஏரியில் அடித்துச் செல்லப்படுகிறாள். செத்துவிட்டாள் என்று ஊரே நினைத்திருக்கும்போது விடியற்காலையில் உயிரோடு கிடைக்கிறாள்.

ஊமைப் படம் என்றால் சத்தமே இருக்காதா?

இதில் இருக்கும். ஃபாக்ஸ் கம்பெனியின் மூவிடோன் முறைப்படி படச்சுருளின் ஓரத்திலேயே இசையும் ஒலிகளும் பதிந்து வெளியான படம் இது. பேச்சு மட்டும் கிடையாது. கேட்கத் தவறக் கூடாத இடம் ஒன்று உண்டு. புயலுக்குப் பிறகு கணவன் விளக்குப் படகில் நின்றபடி இருட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிடுகிறான். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு ஹார்ன் வாத்தியம் நீளமாக ஊதுகிறது. பேசும் படமாக இருந்திருந்தால் அவள் பெயரைக் கத்தியிருப்பான், அவ்வளவுதான். அந்த ஹார்ன் சத்தம் எனக்கு இரண்டு நாளைக்குக் காதிலேயே இருக்கும்.

பேச்சுக்குப் பதிலாகத் திரையில் வரும் எழுத்து அட்டைகளும் குறைவு. இருப்பவையும் சும்மா இருப்பதில்லை. "மூழ்கிவிடக் கூடாதா" என்ற வரி திரையில் வந்ததும் எழுத்துகளே கரைந்து கீழே வழிந்து தண்ணீருக்குள் போவதுபோல் இறங்கும்.

பாத்திரங்களுக்கு ஏன் பெயரே இல்லை?

ஆண், மனைவி, பட்டணத்துப் பெண் என்று மட்டுமே போடுகிறார்கள். எங்கேயும் நடக்கும் கதை, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கதை என்று முதல் அட்டையிலேயே சொல்லிவிடுகிறார்கள். சுடெர்மன் கதையில் பெயர்கள் உண்டு: கணவன் ஆன்சாஸ், மனைவி இன்ட்ரே. இடமும் உண்டு, அன்றைய கிழக்குப் பிரஷ்யாவில் லித்துவேனியர்கள் வாழ்ந்த பகுதி. அவர்கள் போகும் பட்டணம் டில்சிட், இன்று ரஷ்யாவில் சோவெட்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. முர்னாவ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்.

கொல்ல வந்தவனை ஒரே நாளில் மன்னித்துவிடுகிறாளே, இது என்ன நியாயம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். பெண்கள் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

"அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்" என்று நான் சொல்வதில்லை. படத்தின் நடுப்பகுதியை இன்னொரு தடவை பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே நாள் என்பது கதைக் கணக்கு. படம் அந்த மன்னிப்பை எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்பது தனிக் கணக்கு. படகில் அவன் எழுந்து நின்ற நொடியிலிருந்து தேவாலயத்தில் அவன் உடைந்து அழும்வரை கிட்டத்தட்ட கால் மணி நேரம் போகிறது. இந்தக் கால் மணி நேரத்தில் அவள் எதையுமே சுலபமாக ஏற்றுக்கொள்வதில்லை.

முதலில் ஓட்டம். காட்டுப் பாதையில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறாள். டிராமுக்குள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்கிறாள். "என்னைப் பார்த்துப் பயப்படாதே" என்கிறான் அவன். பயப்படாமல் என்ன செய்வாள்? ஜன்னலுக்கு வெளியே ஏரி போகிறது, மரங்கள் போகின்றன, அப்புறம் தொழிற்சாலை, அப்புறம் தெரு. அவள் எதையும் பார்க்கவில்லை. பட்டணத்தில் இறங்கியதும் வண்டிகளுக்கு நடுவே கால்போன போக்கில் நடக்கிறாள். அவன்தான் இழுத்துக் காப்பாற்றுகிறான். காலையில் தள்ளிவிட நீண்ட அதே கை.

பிறகு ஓர் உணவு விடுதி. ஒரு தட்டில் கேக் வாங்கி அவள் முன்னால் தள்ளி வைக்கிறான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைக்கிறாள். அவனுக்காகத் தின்ன முயல்கிறாள். தொண்டையில் இறங்கவில்லை, முகம் கோணி அழுகை வந்துவிடுகிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. மனசு சரி என்று சொல்ல நினைத்தாலும் உடம்பு மாட்டேன் என்கிறது. இது பதிவிரதைப் பொம்மையின் நடிப்பு கிடையாது. பூங்கொத்து வாங்கித் தருகிறான், அதையும் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

கடைசியில் ஒரு தேவாலயம். உள்ளே யாரோ ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடக்கிறது. இருவரும் பின்வரிசையில் போய் உட்காருகிறார்கள். அவளை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பாயா என்று பாதிரியார் மாப்பிள்ளையைக் கேட்கிறார். கேள்வி மாப்பிள்ளைக்கு, அடி விழுவது பின்வரிசைக்கு. அவன் அவள் மடியில் முகம் புதைத்து அழுகிறான். அப்போதுதான் அவள் கை அவன் தலைக்குப் போகிறது.

சரி, இப்படிப் படிப்படியாகக் காட்டிவிட்டதால் நியாயமாகிவிடுமா? வாழ்க்கையில் ஆகாது. என் தங்கைக்கு இப்படி நடந்திருந்தால் டிராமில் இருந்து இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வா என்றுதான் சொல்வேன். ஆனால் மன்னிப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, ஒவ்வொரு படியிலும் அவளுடைய பயத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதில் மட்டும் நான் படத்தின் பக்கம்.

இதில் மனைவியின் தியாகம் எங்கே இருக்கிறது? அவள் எதையும் செய்வதாகவே தெரியவில்லையே?

நளாயினி கணவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தியாகம் என்றால் ஏதாவது பெரிய காரியம் நடக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் நடக்காது. முதல் இரவுக் காட்சியைக் கவனியுங்கள். மேசையில் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வெளியே சீழ்க்கைச் சத்தம், அவன் எழுந்து போய்விடுகிறான். அவள் தட்டோடு திரும்பி வரும்போது நாற்காலி காலி. கத்தவில்லை, பின்னாலேயே போகவில்லை. போய்க் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுகிறாள். மறுநாள் "ஏரிக்கு அந்தப் பக்கம் போய்வரலாம்" என்று அவன் கூப்பிட்டதும், முந்தின நாள் நடந்ததை எல்லாம் மறந்துவிட்டதுபோல் நல்ல உடை போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். படத்திலேயே கொடூரமான காட்சி எனக்கு இந்தச் சந்தோஷம்தான். எதற்குக் கூப்பிடுகிறான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கிளம்பும்போது நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, தண்ணீரில் குதித்து நீந்திப் படகைப் பிடித்துவிடுகிறது. அவன் அதைத் திரும்பக் கரையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருகிறான். நாய்க்குப் புரிந்தது அவளுக்குப் புரியவில்லையா, புரிந்தும் உட்கார்ந்திருந்தாளா? கரையோரம் படகில் தனியாகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போகிறது. இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

நாணல் கட்டு விஷயம் புரியவில்லை.

பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பட்டணத்துக்காரியின் திட்டம் இது: படகைக் கவிழ்த்துவிட்டு, நாணல் கட்டைப் பிடித்து மிதந்து நீ மட்டும் தப்பித்து வா, விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நாணலை அவளே சதுப்பில் இறங்கிப் பறிக்கிறாள். அவன் அதை மறைத்துப் படகில் வைக்கிறான். புயல் வந்ததும் அதே கட்டை எடுத்து மனைவியின் உடம்போடு சேர்த்துக் கட்டுகிறான். கொலைக்குப் பின் தான் தப்பிக்க வைத்திருந்த கருவி அவளைக் காப்பாற்றும் கருவி ஆகிறது. கட்டும்போது அது ஏன் படகில் இருக்கிறது என்று அவள் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை.

சுடெர்மன் கதையில் இந்த இடத்தில் தலைகீழ் முடிவு. நாணல் மனைவியைக் காப்பாற்றுகிறது, கணவன் மூழ்கிச் சாகிறான். அங்கே மயக்குபவளும் பட்டணத்துக்காரி அல்ல, வீட்டு வேலைக்காரி. முர்னாவ் முடிவை மாற்றியது ஹாலிவுட்டுக்காக என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. அவன் செத்திருந்தால் கணக்கு சுலபமாக முடிந்திருக்கும். உயிரோடு இருப்பதால்தான் மேலே சொன்ன கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பட்டணத்துக்காரியை ஒரேயடியாக ராட்சசி ஆக்கிவிட்டார்களே?

ஆமாம். படத்தின் பலவீனமான பக்கம் இது. குட்டை முடி, கறுப்புப் பட்டு, சிகரெட் என்று ஒன்று விடாமல் அடுக்கியிருக்கிறார்கள். கொலை செய்யப் போனவனுக்குப் புயலும் கண்ணீரும் பாவமன்னிப்பும். யோசனை சொன்னவளுக்குக் கழுத்தில் அவன் கை, பிறகு விடிந்ததும் வண்டியேறி ஊரைவிட்டுப் போவது. அவன் அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்போது, மனைவி பிழைத்துவிட்டாள் என்று குரல் வருவதால்தான் விடுகிறான். ஒரே நாளில் இரண்டு பெண்களைக் கொல்லப் போனவன் என்று யாராவது சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை.

நடுவில் சலூன், குடித்த பன்றி என்று படம் ஏன் திசை மாறுகிறது?

சிலருக்கு இந்தப் பகுதி நீளமாகத் தோன்றும். பன்றிக் காட்சி எனக்கும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சலூன் காட்சி அப்படி இல்லை. அவன் முகம் மழித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் வந்து அவளிடம் அசடு வழிகிறான். கணவன் எழுந்து வந்து சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து விரிக்கிறான். நமக்கும் அவளுக்கும் ஒரு நொடி மூச்சு நிற்கிறது. அவன் அந்த ஆளின் கோட்டில் குத்தியிருந்த பூவை மட்டும் வெட்டிவிட்டுக் கத்தியை மடிக்கிறான். சிரிப்புக் காட்சிதான். அந்தக் கை இன்னும் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

சதுப்பில் நடந்துபோகும் அந்த நிலாக் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

அது வெளியிடம் அல்ல, ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். நிலாவும் செட்தான். கூரையில் தண்டவாளம் அமைத்து அதிலிருந்து கேமராவைத் தொங்கவிட்டார்கள். தரையில் தண்டவாளம் போட்டால் சேற்றில் தெரிந்துவிடும் அல்லவா. கேமரா முதலில் அவன் முதுகைத் தொடர்ந்து போகிறது. மரங்களைச் சுற்றி, வேலியைத் தாண்டுகிறது. பிறகு திடீரென்று அவனை விட்டுவிட்டுத் தன் வழியில் செடிகளை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நிற்கிறது. அவனுக்கு முன்பே நாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். அவன் பிறகுதான் வருகிறான். வெட்டு எதுவும் கிடையாது, ஒரே ஷாட்.

ஒளிப்பதிவு சார்ல்ஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவரும். கிராமம் கலிஃபோர்னியாவில் ஏரோஹெட் ஏரிக்கரையில் கட்டியது. பட்டணம் முழுவதும் செட். தெரு நீளமாகத் தெரிவதற்காகத் தூரத்துக் கட்டடங்களைச் சிறிதாகக் கட்டி, தூரத்தில் நடமாடக் குள்ளமான ஆட்களை நிறுத்தினார்கள். கலை இயக்குநர் ரோகஸ் கிளீஸ். டிராம் மட்டும் நிஜமாகவே தண்டவாளத்தில் ஓடியது. ஓ'பிரையன் குனிந்து கனமாக நடக்கிறாரே, அது நடிப்பு மட்டுமல்ல. அவருடைய காலணியில் ஈயம் வைத்திருந்தார்கள்.

ஜேனட் கேய்னருக்கு அப்போது என்ன வயது?

படம் எடுக்கும்போது இருபதை ஒட்டிய வயது. இந்தப் படத்தையும் இன்னும் இரண்டு படங்களையும் சேர்த்து, முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஒரே விருதை மூன்று படங்களுக்குச் சேர்த்து வாங்கிய நடிகை அவர் ஒருவர்தான். பிறகு விதி மாறிவிட்டது.

முதல் ஆஸ்கரே இதற்குத்தான் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1929 மே 16 அன்று நடந்த முதல் விழாவில் சிறந்த படம் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று ‘விங்ஸ்’ படத்துக்குப் போனது. கலைத்தன்மை, தனித்தன்மைக்கான இன்னொன்று ‘சன்ரைஸ்’ படத்துக்கு. அந்த இரண்டாவது பிரிவை அதோடு எடுத்துவிட்டார்கள். அதனால் பட்டியலில் ‘விங்ஸ்’ பெயர்தான் நிற்கிறது. ஒளிப்பதிவு விருதும் இந்தப் படத்துக்கே.

ஓடியதா?

போட்ட காசுக்கு ஓடவில்லை. வெளியான இரண்டே வாரத்தில் அமெரிக்காவில் பாட்டும் பேச்சுமாக ஒரு படம் வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முர்னாவுக்குக் கொடுத்த சுதந்திரத்தையும் கம்பெனி மெல்லச் சுருக்கிக்கொண்டது. 1931 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 42. பெயர் பிறகுதான் ஏறியது. பிரிட்டனின் ‘சைட் அண்டு சவுண்ட்’ பத்திரிகை 2012இல் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படத்துக்கு ஐந்தாம் இடம்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

மூல நெகட்டிவ் இப்போது கிடையாது. 1937இல் நியூஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் படக்கிடங்கு எரிந்தபோது அதுவும் போய்விட்டது. நைட்ரேட் ஃபிலிம், பிடித்தால் விடாது. நாம் பார்ப்பதெல்லாம் தப்பிய பிரதிகளிலிருந்து எடுத்த நகல்கள்.

இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்று ஒலியோடு வெளியான மூவிடோன் வடிவம். இன்னொன்று செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஊமை வடிவம். இது நீளத்தில் குறைவு, ஆனால் படம் பளிச்சென்று இருக்கும். மூவிடோனில் ஒலிக்கோட்டுக்கு இடம்விட்டதால் படச்சட்டம் கொஞ்சம் ஒடுங்கி, சதுரம்போல் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் மூவிடோனையே பாருங்கள், அந்த ஹார்ன் சத்தத்துக்காக. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் இதற்குக் காப்புரிமை இல்லை. இணையத்தில் நிறையப் பிரதிகள் வந்துவிட்டன, அவற்றில் பாதி மங்கல். முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிந்தால் மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பன்றி வரும்வரை அவர்களுக்குப் பொறுமை இருந்தால் பார்க்கலாம்.

கேய்னரின் முடி ஏன் அப்படி ஒட்டினாற்போல் இருக்கிறது?

அது வெளிர் நிற விக். இறுக்கி இழுத்துப் பின்னால் கொண்டை போட்டிருப்பார்கள். நிறையப் பேருக்குப் பிடிக்காது, எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. படம் நெடுகிலும் அந்தக் கொண்டை அப்படியே இருக்கிறது. டிராமில், தேவாலயத்தில், நடனமாடும்போதுகூட. புயலில்தான் அவிழ்கிறது. நாணலில் தலைவைத்து மிதக்கும்போது முடி தண்ணீரில் பரந்து கிடக்கிறது. விடியற்காலையில் கட்டிலில் கண் திறக்கும்போதும் அவிழ்ந்தபடியே தலையணையில் கிடக்கிறது. அவன் பக்கத்தில் இருக்கிறான். அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஜன்னலில் வெளிச்சம் வருகிறது.